பெட்ரோலும் ஈயமும்

பெட்ரோல் நிலையத்தில் 95, 97 என்று இரண்டு எண்களைக் காண்கிறோம். 97 என்றால் சக்தி அதிகம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது சரியன்று. தானாகத் தீப்பற்றாமல் பெட்ரோல் எந்த அளவுக்கு அழுத்தத்தைத் தாங்கும் என்பதையே அந்த எண் குறிக்கிறது.

மோட்டார் சைக்கிளின் இயந்திரத்துக்குள்ளே காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து அழுத்தப்படுகின்றன. பிளக் பொறி தட்டுகிறது. அந்த நெருப்பு ஒழுங்காகப் பரவ வேண்டும். வெப்பமும் அழுத்தமும் மிகுந்துவிட்டால், நெருப்பு எட்டுவதற்கு முன்பே மூலையில் எஞ்சிய ஆவி தானாகப் பற்றிக்கொள்ளும். சுத்தியலால் தட்டுவது போல் 'டக் டக்' என்று ஓசை வரும். இது நீடித்தால் பிஸ்டன் கெட்டுவிடும்.

1921-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டேட்டன் நகரில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். ஈயம் அடங்கிய திரவம் ஒன்றைப் பெட்ரோலில் சிறிதளவு கலந்தால் அந்த ஓசை நின்றது. அது எரியும்போது உண்டாகும் நுண்ணிய ஈயத் துகள்கள், ஆவி தானாகப் பற்றுவதைத் தடுத்தன. சாராயம் கலந்தாலும் இப்பயன் கிடைக்கும் என்பது அப்போதே தெரிந்திருந்தது. ஆயினும் ஈயமே 1923-இல் விற்பனைக்கு வந்தது.

அதனால் முதலில் மாண்டவர்கள் யார்? நம்மைப் போன்ற தொழிலாளர்களே. 1924-இல், நியூ ஜெர்சி மாநிலத்தில் அத்திரவத்தைத் தயாரித்த ஆலையொன்றில் ஐந்து பேர் சித்தம் கலங்கி இறந்தனர். சிறிது காலம் நின்ற விற்பனை 1926-இல் மீண்டும் தொடங்கியது. வண்டிப் புகையோடு வெளியேறிய ஈயம் சாலையோர மண்ணிலும் குழந்தைகளின் இரத்தத்திலும் சேர்ந்தது. சிறிதளவு ஈயமும் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா நாடு, 2021 ஜூலையில்தான் வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் விற்பதை நிறுத்தியது. அதற்குள் நூறாண்டுகள் உருண்டோடிவிட்டன!

இப்போது ஈயமில்லாமலே 95-ஐயும் 97-ஐயும் பெறுகிறார்கள். நம் வண்டிக்கு 95 போதும் என்று அதன் கையேடு சொன்னால், 97-க்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண்.

ஈயம் போய்விட்டதால் பெட்ரோல் தீங்கற்றதாகிவிடவில்லை. அதிலுள்ள பென்சீன் எலும்பு மச்சையைக் கெடுக்கும். ஆகவே, பெட்ரோலால் கை கழுவுவதும், குழாயை வாயில் வைத்து அதை உறிஞ்சி எடுப்பதும் வேண்டாம். புல்வெட்டும் இயந்திரத்துக்கு ஊற்றும்போது பிள்ளைகளை எட்ட நிறுத்துவோம்.