பார்டரில் நிற்பவர்களுக்கு



ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, "சுகர் இன்னும் வரலை, பார்டர்லதான் இருக்கு" என்று நிம்மதியாகச் சொல்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த நிம்மதிதான் எனக்குக் கவலை தருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து, 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 13.6 கோடிப் பேர் சர்க்கரை நோய்க்கு முந்தைய இந்த பார்டர் நிலையில் இருப்பதாக மதிப்பிட்டது. இவர்களில் பலர் நோயாளிகளாக மாறாமல் தடுக்க முடியும்.

இதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. 35 முதல் 55 வயது வரையுள்ள, பார்டர் நிலையில் இருந்த 531 பேரை நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இரண்டாவது பிரிவினர் சாப்பாட்டையும் நடமாட்டத்தையும் மாற்றிக்கொண்டார்கள். மூன்றாவது பிரிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காவது பிரிவுக்கு இரண்டும்.

மூன்று ஆண்டு முடிவில், முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. பழக்கத்தை மாற்றியவர்களில் அது நூற்றுக்கு 39. மாத்திரை சாப்பிட்டவர்களிடமும் ஏறக்குறைய அதே அளவுதான். நடையும் சாப்பாட்டு மாற்றமும் மாத்திரைக்குச் சமமாக நின்றன என்றால், அதை நாம் சாதாரணமாக ஒதுக்கிவிடக் கூடாது.

பழக்கத்தை மாற்றியவர்கள் அப்படி என்ன செய்தார்கள்? சர்க்கரை, மைதா போன்றவற்றையும் எண்ணெயையும் குறைத்தார்கள். தினமும் அரை மணி நேரமாவது நடந்தார்கள். உடலுழைப்பு வேலை செய்பவர்களிடமும், சைக்கிளில் வேலைக்குப் போய்வருபவர்களிடமும், அதையே விடாமல் தொடருமாறு ஆய்வுக் குழு சொன்னது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழக்கத்தை மாற்றியவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் பலன் கிடைத்தது. இரண்டு மாதம் நடந்துவிட்டு, எடை இறங்கவில்லை என்று சோர்ந்து விட்டுவிடுபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது கால் தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துச் செலவழிக்கின்றன. சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் நடந்தால்கூட, சர்க்கரை ஏறும் வேகம் மட்டுப்படும்.

நம் சாப்பாட்டைப் பாருங்கள். காலையில் இட்லி, மதியம் தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியல், இரவில் மறுபடியும் தோசை. மூன்று வேளையும் மாவுச்சத்துதான். சோற்றை அடியோடு விடச் சொல்லவில்லை. ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் கீரையோ, அவரைக்காயோ, சுண்டலோ, மீனோ, முட்டையோ வையுங்கள். சிறுதானியம் நல்லதுதான்; ஆனால் கேழ்வரகுக் கூழும் அளவு மீறினால் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். உப்பையும் கவனிக்க வேண்டும்; அது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாயையும் அப்பளத்தையும் அதில் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். சாப்பாட்டைப் போலவே தூக்கமும் முக்கியம்; இரவுத் தூக்கத்தைக் கைப்பேசிக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

வீட்டைக் கவனிக்கும் பெண்களிடம் தனியாகப் பேச ஆசைப்படுகிறேன். "நாள் பூரா வேலைதானே செய்யறேன், தனியா எதுக்கு நடக்கணும்?" என்று கேட்பீர்கள். பெருக்குவதும் துடைப்பதும் உழைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அடுப்படியில் நின்றுகொண்டே இருப்பது நடையாகாது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு, பொரியல் தீர்ந்துபோக, மிஞ்சிய சோற்றை வீணாக்க மனமில்லாமல் நீங்களே சாப்பிடுகிறீர்கள். அந்தச் சோறு உங்கள் உடம்பில்தான் சேர்கிறது. உங்களுக்குரிய காயை முதலிலேயே எடுத்து வையுங்கள். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாலையில் அரை மணி நேரம் அடுப்பையும் பிள்ளைகளையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவோ மனைவியோ அக்காவோ நிம்மதியாக நடந்துவிட்டு வரட்டும்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள், நடக்கத் தொடங்கிவிட்டோம் என்று தாங்களாகவே மாத்திரையை நிறுத்தக் கூடாது, மருத்துவரைக் கேளுங்கள். 30 வயதைத் தாண்டியும் இதுவரை பரிசோதனை செய்துகொள்ளாதவர்கள், பக்கத்திலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அங்கே கட்டணமில்லாமல் பார்க்கிறார்கள். இந்த வாரமே போய்வாருங்கள். வீட்டிலிருந்து ஒருவரையும் கூட அழைத்துச் செல்லுங்கள்.