மந்தியின் மனமும் மனிதனின் கடனும்



விலங்குகளுக்கு உணர்ச்சி உண்டா, அவற்றைச் சோதனைக்கூடத்தில் அடைத்து ஆராய்தல் அறமா என்னும் வினா இலக்கிய மேடைக்குப் புறம்பானதன்று. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்த தொல்காப்பியர், மனம் என்னும் ஆறாம் அறிவை மக்களுக்கு உரியதாக்கினார். ஆயினும் மக்களோடு கதவை அடைத்துவிடவில்லை. ஆறறிவு பெறும் பிற உயிர்களுக்கு எடுத்துக்காட்டாக உரைமரபில் குரங்கும் யானையும் கிளியும் இடம்பெறுகின்றன.

குறுந்தொகையின் 69ஆம் பாடலில் தோழி ஒரு மந்தியைக் காட்டுகின்றாள். கடுவனை இழந்த அம்மந்தி, தொழில் ஏதும் கல்லாத தன் குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்துவிட்டு, மலையிலிருந்து பாய்ந்து உயிர் விடுகின்றது. ‘இது மனிதத் துயரைக் குரங்கின்மேல் ஏற்றிய கற்பனையன்றோ?’ எனக் கேட்பாருண்டு. நேர்மையான கேள்விதான். இரவில் வரும் தலைவனை எச்சரிக்கவே தோழி மந்தியைத் துணைக்கழைக்கின்றாள். செய்யுள் அறிவியற் சான்றாகாது. ஆனால் அறிவியற் சான்று எவ்வழியில் கிடைத்தது என்பதே நம் நெஞ்சைச் சுடுகின்றது.

1950களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உளவியலறிஞர் ஹாரி ஹார்லோ, செம்முகக் குரங்குக் குட்டிகளைப் பிறந்த சில மணி நேரத்திலேயே தாயிடமிருந்து பிரித்தார். கம்பியாலான பொம்மைத் தாய் ஒன்றும் துணி போர்த்திய பொம்மைத் தாய் ஒன்றும் கூண்டில் வைக்கப்பட்டன. கம்பித் தாயிடம் மட்டுமே பால் பெற்ற குட்டிகளும், பசியாறியதும் துணித் தாயையே தழுவிக் கிடந்தன. அன்பு பாலுக்காக மட்டும் பிறப்பதன்று என உலகம் அறிந்தது. அன்பு உண்டென நிறுவ, அன்பையே அறுக்க நேர்ந்தது. நம்மைப் போன்றது என்பதாலேயே குரங்கு சோதனைக்குப் பயன்படுகின்றது. நம்மைப் போன்றது என்பதாலேயே அச்சோதனை அறத்தை உறுத்துகின்றது.

மறுபக்கத்தை மறைத்தல் தகாது. சால்க், சேபின் ஆகியோரின் இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்துகள் குரங்கின் சிறுநீரக உயிரணுக்களைக் கொண்டே உருவாயின. ஆராய்ச்சிக்கும் மருந்து ஆக்கத்துக்குமென இந்தியாவிலிருந்து இலட்சக்கணக்கான குரங்குகள் வெளிநாடு சென்றன. 2014 மார்ச்சில் இந்தியா இளம்பிள்ளைவாதம் அற்ற நாடெனச் சான்று பெற்றது. நம் தெருவில் ஓடியாடும் குழந்தையின் கால்களில் அக்குரங்குகளுக்குரிய கடன் இருக்கின்றது. ஆனால் மருத்துவத்துக்கென அனுப்பியவை இராணுவக் கதிர்வீச்சுச் சோதனைகளுக்கும் ஆளாயின என்னும் செய்தி பரவியது. 1978இல் இந்தியா குரங்கு ஏற்றுமதியைத் தடை செய்தது. உயிர் காக்கும் தேவை என்னும் பெயரில் திறந்த வாயிலில் வேறு எவையெவையோ நுழைந்துவிடும் என்பதே அதன் பாடம்.

கன்றை இழந்த பசு மணியடித்து முறையிட்டதாகக் கூறும் திருவாரூர் நமக்குத் தொலைவிலில்லை. சோதனைக்கூடத்து விலங்குக்கோ இழுக்க மணியில்லை; சட்டமே அதற்கு மணி. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் எழுப்பிய குரலின் தொடர்ச்சியாக 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அது சோதனைகளை முற்றாக விலக்கவில்லை. அவற்றைக் கண்காணிக்கக் குழு அமைக்க வழிவகுத்தது. 2014இல் ஒப்பனைப் பொருள்களுக்கான விலங்குச் சோதனை இந்தியாவில் தடை செய்யப்பட்டது. 2023இல் திருத்தப்பட்ட புதிய மருந்து விதிகள், மனித உயிரணுக்களைக் கொண்ட மாற்றுச் சோதனைகளுக்கும் இடமளித்தன. மாற்று இருக்கும்போது விலங்கை வருத்துதல் தேவையாகாது. அது பழக்கம், அல்லது சிக்கனம்.

இதில் கவிஞர்க்கும் பணியுண்டு. ஆய்வேடுகளில், கொல்லப்பட்ட விலங்கைப் ‘பலியிடப்பட்டது’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் எழுதுதல் வழக்கம். அழகிய சொல் கொலையைத் திரையிடுகின்றது. தமிழில் அறிவியல் எழுதும் தலைமுறை வளர்ந்துவரும் இந்நாளில், வலியை வலி என்றும் கொலையைக் கொலை என்றும் சொல்லும் துணிவை அதற்கு நாம் தருதல் வேண்டும். கடன்பட்டவர் கடனை மறுக்காதிருத்தல் முதல் அறம். அதை மேலும் பெருக்காதிருத்தல் அடுத்த அறம்.