எண்ணிக்கைக்குள் மறையும் ஆண்டுகள்

நம் திருவனந்தபுரத்துத் தும்பாவில் 1963இல் ராக்கெட் ஏவுதளம் எழுந்தபோது, விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டதன் பேரில் அங்கே வானிலை ஆய்வு நிலையத்தை அமைத்துக் கொடுத்தவர் அன்னா மணி அம்மையார். பீர்மேட்டில் பிறந்து, 2001இல் இதே திருவனந்தபுரத்தில் மறைந்தவர். சி. வி. ராமனின் பெங்களூர் ஆய்வகத்தில் வைரமும் மாணிக்கமும் ஒளிர்வதை ஆராய்ந்து, 1942 முதல் 1945க்குள் ஐந்து கட்டுரைகளைத் தம் பெயரில் மட்டுமே வெளியிட்டார். எம்.எஸ்சி. படிக்கவில்லை என்று காரணம் சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டத்தை மறுத்தது. பிறகு அவர் உருவாக்கிய இந்தியச் சூரியக் கதிர்வீச்சுத் தரவுக் கையேடு 1980இல் வெளிவந்தது. அத்தகைய அளவீட்டை வைத்து வேலை செய்யும் பொறியாளர் கட்டுரை எழுதப்போவதில்லை. ஆகவே அந்தப் பயன் எந்த மேற்கோள் கணக்கிலும் ஏறாது. இன்றைய நேர்காணல் குழுவொன்று மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் எச்-இண்டெக்ஸை மட்டும் பார்த்தால் அவருக்கு என்ன மதிப்பெண் போடும்?

பெண்களின் ஆய்வுக்கு மேற்கோள் குறைவு என்பது மெய்தான். அதை நான் மறுக்கவில்லை. அதற்குக் காரணம் தரமா என்பதே கேள்வி. 83 நாடுகளில் சுமார் 15 லட்சம் ஆய்வாளர்களின் பணிவாழ்வை அலசி 2020இல் வெளியான ஓர் ஆய்வு சொல்வதைப் பாருங்கள்: ஆண் ஆண்டுக்கு 1.32 கட்டுரை எழுதுகிறார், பெண் 1.33. உழைப்பில் வித்தியாசமே இல்லை. ஆனால் பணிக்காலம் முழுவதற்கும் கூட்டினால் ஆணுக்கு 13.2, பெண்ணுக்கு 9.6. பெண்கள் ஒவ்வோர் ஆண்டும் ஆண்களைவிடக் கூடுதலாகத் துறையைவிட்டு வெளியேறுகிறார்கள். அதுதான் இடையில் நடப்பது. ஒத்த பணிக்காலம் உள்ளவர்களை ஒப்பிட்டால் மேற்கோள் இடைவெளியும் பெருமளவு சுருங்குகிறது, முழுதாக மறையாவிட்டாலும்.

மேற்கோள் காட்டுகிறவர் ஆணா பெண்ணா என்று பார்த்தா காட்டுகிறார் என்று சிலர் கேட்பார்கள். காட்டுகிறவர் அந்தக் கட்டுரையை எழுதியவராகவே இருந்தால்? ஜேஸ்டோர் களஞ்சியத்தின் 15 லட்சம் கட்டுரைகளை ஆராய்ந்தவர்கள், தம் கட்டுரையைத் தாமே சுட்டுவதில் ஆண்கள் பெண்களைவிட 56 விழுக்காடு முன்னே இருப்பதைக் கண்டார்கள். தொடர் ஆய்வில் முந்தையதைச் சுட்டுவது குற்றமில்லை. முன்னே எழுதியது நிறைய இருப்பவருக்குச் சுட்டவும் நிறைய இருக்கும். வட்டியும் முதலுமாக அது வளரும். நடுவில் ஐந்தாண்டு பிள்ளை வளர்த்துவிட்டுத் திரும்பியவருக்கு அந்த முதலே குறைவு. இடைவெளி விழுந்த பெண் விஞ்ஞானிகளுக்கென்று நடுவண் அரசே தனித் திட்டம் வைத்திருக்கும்போது, தேர்வுக் குழுக்கள் மட்டும் அந்த இடைவெளியைக் காணாதது ஏன்? இது சலுகை கேட்பதல்ல. யாராக இருந்தாலும் தற்சுட்டலைக் கழித்துவிட்டு, பணிபுரிந்த ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். விண்ணப்பித்தவரின் சிறந்த ஐந்து கட்டுரைகளை மேசைமேல் வைத்துப் படித்துவிட்டு மதிப்பெண் போடுங்கள்.