கீறல் விழுந்த சி.டி.யும் வெள்ளைப் பற்பசையும்



"பத்து நிமிஷம் ஏதாவது பயனுள்ளதாப் பேசு" என்று செயலாளர் சொன்னார். கீறல் விழுந்த சி.டி.யை வீட்டுப் பொருளை வைத்துச் சரிசெய்வது பற்றிப் பேசுகிறேன். "இந்தக் காலத்துல யாருப்பா சி.டி. பாக்குறா?" என்று பின்வரிசையில் கேட்பது காதில் விழுகிறது. காரணம் இருக்கிறது.

என் சொந்த ஊர் அரியலூர். 2004-ல் அங்கே அக்கா கல்யாணம் நடந்தது. வீடியோக்காரர் இரண்டு சி.டி. கொடுத்தார். 2013-ல் அப்பா காலமானார். அவர் குரல் எங்களிடம் இருப்பது அந்த இரண்டு சி.டி.யில் மட்டும்தான். மண்டப வாசலில் நின்றுகொண்டு, "வாங்க மாமா, வாங்க! சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று எல்லோரையும் கூப்பிடுவார். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மா பீரோவிலிருந்து அவற்றை எடுத்து வந்து, "தம்பி, இது ஓடமாட்டேங்குதுப்பா. அப்பா வர்ற எடத்துல நின்னு நின்னு போவுது" என்றார். உறை இல்லாமல் கிடந்ததால் அடிப்பக்கம் முழுக்கக் கீறல்.

இங்கே ஒரு விஷயத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும். சி.டி.யின் பளபளக்கும் அடிப்பக்கத்தில் எதுவும் பதிவாகியிருக்கவில்லை. அது 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதற்கு மேலே, எழுத்து இருக்கும் பக்கத்தை ஒட்டித்தான் பதிவு இருக்கிறது. லேசர் ஒளி அடியிலிருந்து பிளாஸ்டிக்கின் வழியாகப் போய்ப் படித்துவிட்டுத் திரும்புகிறது. ஆக, அடியில் விழும் கீறல் ஜன்னல் கண்ணாடியில் விழுந்த கீறல்தான். வீட்டுக்குள்ளே இருக்கும் சாமான் பத்திரமாகத்தான் இருக்கிறது.

சின்னக் கீறல்களை சி.டி. தானே சமாளித்துக்கொள்ளும். ரீட், சாலமன் என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1960-ல் வெளியிட்ட முறையை வைத்து, விட்டுப்போன எண்களைக் கருவியே கணக்குப் போட்டு நிரப்பிவிடும். தடத்தின் நீளவாக்கில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் வரை தொடர்ந்து அழிந்திருந்தாலும் மீட்டுவிடலாம். அதற்கு மேல் போனால்தான் நிற்கிறது, குதிக்கிறது.

அந்தத் தடம் நடுவிலிருந்து வெளியே சுருள் சுருளாகப் போகிறது. ஆகவே குறுக்கே விழுந்த கீறல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம்தான் மறைக்கும். வட்டமாக விழுந்த கீறல் தடத்தோடு கூடவே போய் நெடுந்தூரம் மறைத்துவிடும். இது தெரியாமல் நான் ஹாஸ்டலில் ஒரு நண்பனின் பாட்டு சி.டி.யை டிபன் தட்டு துலக்குவது போல வட்டம் வட்டமாகத் தேய்த்து, ஓடிக்கொண்டிருந்த இரண்டு பாட்டையும் சேர்த்துக் கெடுத்தேன். நண்பன் இன்று முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். இப்போதாவது மன்னித்துவிடப்பா!

சரி, முறைக்கு வருகிறேன். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். பாதி சி.டி.க்கு வெறும் அழுக்குதான் நோய். அதிலும் ஓடாவிட்டால் வெள்ளைப் பற்பசை. ஜெல் வேண்டாம். பழைய பருத்தி வேட்டித் துணியை நனைத்து, பசையைத் தொட்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கி நேர்கோட்டில் மெதுவாக ஐந்து, பத்து நிமிடம் தேய்க்க வேண்டும். பிறகு கழுவி, ஈரம் ஒற்றி எடுக்க வேண்டும்.

அரியலூர் சுண்ணாம்புக்கல் லாரி லாரியாக சிமெண்ட் ஆலைக்குப் போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு அங்கே கடல் இருந்தபோது படிந்தது அது. அதே கால்சியம் கார்பனேட்தான் பல வெள்ளைப் பற்பசைகளில் நுண்பொடியாக இருக்கிறது. அது கீறலின் கூரான விளிம்பைத் தேய்த்து மழுக்குகிறது. ஒளி சிதறாமல் உள்ளே போகிறது. அவ்வளவுதான் சூட்சுமம். பற்பசை இல்லாவிட்டால் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தாலும் கீறலின் பள்ளம் நிரம்பிச் சில சமயம் ஓடும். ஆனால் அது தற்காலிகம். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு அழிக்கும் திரவம் பக்கமே போகாதீர்கள். பிளாஸ்டிக் வெளுத்துப்போகும். புளூ-ரேயில் பதிவின் மேல் இருப்பது 0.1 மில்லிமீட்டர் மூடிதான். அதற்கு இந்த வைத்தியம் வேண்டாம்.

எங்கள் முதல் சி.டி. மூன்றாவது முறை தேய்த்ததில் ஓடியது. வாசலில் அப்பா வந்தார். "வாங்க மாமா" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ போடு" என்றார்.

இரண்டாவது சி.டி. போனது போனதுதான். அதன் மேல்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை யாரோ பிய்த்திருக்கிறார்கள். கூடவே வெள்ளிப் பூச்சும் உரிந்து வந்துவிட்டது. டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தேன், ஓட்டை ஓட்டையாக வெளிச்சம் தெரிந்தது. தாலி கட்டும்போது அப்பா அழுதது அதில்தான் இருந்தது. சி.டி.யின் மேல்பக்கம் பதிவைக் காப்பது முடியின் தடிமன்கூட இல்லாத அரக்குப் பூச்சு. அது போனால் எந்தப் பற்பசையாலும் முடியாது. நாமோ அடிப்பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்துவிட்டு, மேல்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினோம். டி.வி.டி.க்கு அந்த ஆபத்து குறைவு. அதில் இரண்டு பிளாஸ்டிக் தகட்டுக்கு நடுவே பதிவு இருக்கிறது.

நண்பர்களே, ஓடுகிறதே என்று பார்த்துவிட்டு மறுபடி பீரோவில் வைத்துவிடாதீர்கள். தேய்ப்பது கடைசியாக ஒருமுறை படிக்கத்தான். அன்றைக்கே கணினியில் நகலெடுத்து, இரண்டு இடத்தில் வையுங்கள். கடையில் எழுதிக்கொடுத்த சி.டி.யில் பதிவு ஒரு சாயப் பூச்சில் இருக்கிறது. நம்ம ஊர் வெயிலுக்கு அது மங்கும். புது மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் சி.டி. போடும் இடமே கிடையாது.

2010-ல் பெரம்பலூரை விட்டுப் போன எங்கள் செட்டின் பிரிவு விழாவும் யாரிடமோ ஒரு சி.டி.யில் இருக்கும். அதில் இன்று நம்மோடு இல்லாத இரண்டு நண்பர்களும் இருக்கிறார்கள். வீட்டில் தேடிப் பாருங்கள். கிடைத்தால் அடுத்த சந்திப்புக்கு எடுத்து வாருங்கள். டிரைவும் பற்பசையும் நான் கொண்டுவருகிறேன்.