தோற்கும் அணிக்கும் துணை வேண்டும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தம் அணி தொடர்ந்து தோற்கும்போதும் இரசிகர்கள் ஆட்டம் காணச் செல்ல வேண்டுமா என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். விளையாட்டுப் பேச்சு விழா மேடைக்கு எதற்கு என்று எண்ண வேண்டா. மட்டாஞ்சேரித் தமிழர் இல்லங்களில் மஞ்சள் சட்டைகள் இருவகை உண்டு. ஒன்று கேரள பிளாஸ்டர்ஸ் கால்பந்தணியின் நிறம். மற்றொன்று சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் அணியின் நிறம். வெற்றி தோல்வி பற்றிய முதற்பாடத்தை நம் பிள்ளைகள் பலர் இவ்விரண்டிடமிருந்தே கற்கின்றனர்.

கலூர் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கு கண்ட காட்சிகளை நினைத்துப் பாருங்கள். 2014-இல் இறுதிப் போட்டி வரை சென்ற பிளாஸ்டர்ஸ் அணி, 2015-இல் எட்டு அணிகளுள் எட்டாவதாக நின்றது. ஆயினும் மக்கள் பல்லாயிரவராய்த் திரண்டு வந்தனர். அடுத்த ஆண்டே அணி மீண்டும் இறுதிப் போட்டியை எட்டியது. 2018-19 பருவத்திலோ பதினெட்டு ஆட்டங்களில் இரண்டே வெற்றி, இருக்கைகள் வெறிச்சோடின. தோல்வி இருமுறையும் உண்டு. வருகை மட்டும் ஏன் மாறிற்று? தோல்வியைப் பொறுத்துக்கொண்ட மக்கள், அணியை நடத்துவோரிடம் அக்கறை குறைந்ததாகக் கருதியபோது அதைப் பொறுக்கவில்லை என்பதே என் எண்ணம்.

காசு கொடுப்பவனுக்குக் கேட்கும் உரிமை இல்லையா என்பர் சிலர். உண்டு, ஐயமில்லை. ஆனால் வெற்றிருக்கை காரணம் சொல்லாது. அது முதலில் புண்படுத்துவது களத்தில் ஓடும் இளைஞனையே. கணக்கேடு பார்க்கும் உரிமையாளரைப் பிறகுதான் சென்று சேரும். 2024 டிசம்பரில் 'மஞ்ஞப்பட' என்னும் இரசிகர் அமைப்பு, நிர்வாகத்திடம் சீட்டு வாங்குவதில்லை என்று காரணங்காட்டி அறிவித்து, எதிர்ப்பை வெளிப்படையாகத் தெரிவித்தது. அது முறையான வழி. சொல்லாமல் நழுவுவது வேறு. சொல்லி விலகுவது வேறு.

சென்னை அணியின் கதையும் கேளுங்கள். ஈராண்டுத் தடைக்குப்பின் 2018-இல் அது மீண்டது. காவிரிப் போராட்டத்தால் அதன் ஆட்டங்கள் சேப்பாக்கத்தினின்று புனேக்கு மாற்றப்பட்டன. இரசிகர்கள் ஏறத்தாழ ஆயிரவர் தனி இரயிலேறிப் புனே சென்றனர். அவ்வாண்டு கோப்பையும் கிடைத்தது. அதே அணி 2025-இல் பத்து அணிகளுள் கடைசியாக நின்றது. இரயிலேறியவரின் அன்பு கோப்பைக்காக மட்டுமே என்றால், அது 2025-இல் முடிந்திருக்க வேண்டுமன்றோ?

ஆகவே, முயன்று தோற்கும் அணியைக் கைவிடலாகாது. முயற்சியே இல்லாத இடத்தில், காரணத்தை உரக்கச் சொல்லி விலகலாம். சீட்டு வாங்க வசதியற்றோர் வீட்டிலிருந்து வாழ்த்துவதும் துணையே.

பெற்றோர்களே! தோற்ற மறுநாள் மஞ்சள் சட்டையை ஒளித்துவைக்கும் பிள்ளையிடம், "இன்றும் அணிந்து போ" என்று சொல்லுங்கள். கூட்டம் குறைந்த நாளிலும் சங்கத்தின் கதவைத் திறந்துவைக்கும் மனம் அத்தகைய பிள்ளைக்கே வாய்க்கும்.