கடல், கிணறு, சாதி: ஒரு பயத்தின் கணக்கு

 

நினைவுச் சொற்பொழிவென்றால் மறைந்தவரைப் புகழ்ந்து தொடங்குவது வழக்கம். நம் தோழருக்குப் புகழ்ச்சி பிடிக்காது என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அவருக்குப் பிடிக்காத இன்னொன்று கடல். ராமேஸ்வரத்தில் கூட்டம் என்றால் தவறாமல் வருவார். ஆனால் பாம்பன் பாலத்தைப் பஸ் கடந்து முடிக்கும் வரை கண்ணைத் திறக்கமாட்டார். "போலீசுக்குப் பயப்படாத ஆளு, தண்ணிக்குப் பயப்படுறீங்களேண்ணே" என்று நாங்கள் கேலி செய்திருக்கிறோம். அவர் சிரிப்பாரே தவிர பதில் சொன்னதில்லை. அந்தக் கேலி தவறு என்று சொல்லத்தான் இன்று இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டோம்.

ஆழமான நீரைக் கண்டு மனிதர் அஞ்சுவது இயற்கை என்பார்கள். காலுக்குக் கீழே தரை இல்லை, கண்ணுக்கு எட்டும் வரை கரை இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. பயம் வரத்தான் செய்யும். இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பயம் எல்லா உடம்பிலும் ஒரே மாதிரி இருந்தாலும் அதற்குக் கிடைக்கும் மரியாதை ஒரே மாதிரி இல்லை. ஒருவனுடைய பயம் சாஸ்திரமாகிறது. இன்னொருவனுடைய பயத்தை யாரும் கேட்பதுகூட இல்லை.

1914ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு மார்ச் 17 அன்று கணித மேதை ராமானுஜன் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். கடல் தாண்டினால் ஆசாரம் கெடும் என்று அவர் குடும்பம் தயங்கியதும், நாமகிரித் தாயார் கனவில் வந்த பிறகே தாயார் சம்மதித்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதே ஆண்டு பிப்ரவரி 24இல்தான் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. ரயில் தனுஷ்கோடிக்குப் போனது; அங்கிருந்து நீராவிக் கப்பல் தலைமன்னாருக்குப் போனது. அந்தக் கப்பலில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஏற்றப்பட்ட பள்ளர், பறையர், சக்கிலியர் வீட்டுத் தாய்மார்களின் கனவில் எந்தத் தெய்வமும் வந்ததாகப் பதிவு இல்லை. வந்திருந்தாலும் கங்காணி காத்திருக்கமாட்டான். ஒருவர் கடலைத் தாண்ட தெய்வ அனுமதி வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கானோர் கடலைத் தாண்ட ஒரு தகர வில்லை போதுமானதாக இருந்தது. தோட்டத்தின் எண் பொறித்த அந்த வில்லையைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். ராமானுஜனைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவரும் அந்த ஆசாரத்தால் அவதிப்பட்டவர்தான்.

அதற்கு முந்தைய காலம் இன்னும் மோசம். ராமநாதபுரம் கடற்கரையின் சிறு துறைகளிலிருந்து தோணிகளில் மன்னாருக்கு ஏற்றிப்போனார்கள். 1864இல் ஆதிலட்சுமி என்ற கப்பல் 120 தொழிலாளர்களுடன் மூழ்கியதை மலையக வரலாற்று எழுத்துகள் பதிவு செய்திருக்கின்றன. கப்பலுக்குப் பெயர் இருக்கிறது. அந்த 120 பேரின் பெயர்கள் எங்கே?

இங்கே ஒரு கேள்வி வரும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே இருப்பது முப்பது கிலோமீட்டர் சொச்சம். அதிலும் மணல்திட்டுகள் நிறைந்த, ஆழம் குறைந்த கடல். இதற்கா இவ்வளவு பயம்? தோழர்களே, ஆழத்தை மீட்டரில் அளப்பவன் நீந்தத் தெரிந்தவன். நீந்தத் தெரியாதவனுக்குத் தாடைக்கு மேல் எவ்வளவு இருந்தாலும் ஒன்றுதான்.

நம் ஆட்களுக்கு ஏன் நீந்தத் தெரியவில்லை? ராமநாதபுரம் வறண்ட சீமைதான். ஆனாலும் ஊருக்கு ஊர் கண்மாய் உண்டு, ஊருணி உண்டு, தோட்டக் கிணறு உண்டு. பிள்ளையின் இடுப்பில் கயிற்றைக் கட்டிக் கிணற்றில் இறக்கி, மாமனோ சித்தப்பனோ மேலே நின்று பிடித்துக்கொள்வான். நாலு நாள் தண்ணீர் குடித்தால் ஐந்தாம் நாள் நீச்சல் வந்துவிடும். அந்தக் கிணறு யாருடையது? ஊருணியில் சேரிப் பிள்ளை கால் நனைத்தால் என்ன நடக்கும்? நமக்கு விட்டுவைத்தது காலனியின் உறைக்கிணறு. அதில் வாளி இறங்கும், ஆள் கை வீச முடியாது. 1927 மார்ச் 20 அன்று மகாடில் அம்பேத்கர் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்ததைக் குடிநீர் உரிமை என்று மட்டுமே படிக்கிறோம். குளம் மறுக்கப்பட்டபோது நீச்சலும் சேர்ந்தே மறுக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரைத் தொடாதே என்று அடித்து வளர்த்த உடம்பை ஒருநாள் கடலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அது நடுங்கியது. நடுக்கத்தைப் பார்த்து "பட்டிக்காட்டான்" என்று சிரித்தார்கள்.

நாங்களும் தோழரைப் பார்த்து அப்படித்தான் சிரித்தோம்.

1964க்கு வருவோம். அக்டோபர் 30 அன்று சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு அரசுகள் மனிதர்களைப் பங்கு பிரித்தன. யாரிடமும் கேட்கவில்லை. சரியாக 53ஆம் நாள், டிசம்பர் 22 நள்ளிரவில், புயல் தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் ஊரை நெருங்கும்போது பேரலையில் அடித்துச் செல்லப்பட்டது. 110 பயணிகள், 5 ஊழியர்கள் என்பது ரயில்வே கணக்கு. அது பயணச்சீட்டின் கணக்கு. சீட்டு வாங்காமல் ஏறியவர் சாகும்போதும் எண்ணிக்கையில் வரமாட்டார். புயலில் மொத்தம் 1,800 பேருக்கு மேல் இறந்ததாகச் சொல்லப்படுகிறது. பாலத்தை 46 நாளில் சீர்செய்தார்கள். அந்தச் சாதனையைப் பொறியாளரின் பெயரோடு பாராட்டுகிறோம், பாராட்ட வேண்டியதுதான். ஊரையோ மனிதர் வாழத் தகுதியற்றது என்று அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஒப்பந்தப்படி திரும்பி வந்தவர்களைக் கப்பல் ராமேஸ்வரத்தில் இறக்கியது. 1984இல் கப்பல் நிற்கும் வரை வந்துகொண்டே இருந்தார்கள். தாத்தா பயந்து பயந்து தாண்டிய அதே கடலைப் பேரன் பயந்து பயந்து திரும்பத் தாண்டினான். அங்கே 'கள்ளத்தோணி' என்றார்கள், இங்கே 'சிலோன்காரன்' என்றார்கள். மண்டபம் முகாம் அந்தப் பக்கம் போகிறவர்களைக் கிருமிநீக்கம் செய்து அனுப்பிய இடம். பிறகு இந்தப் பக்கம் வந்தவர்களை வைத்துக்கொண்ட இடமும் அதுவே. போர்க்காலத்தில் அகதிகள் கதை வேறு விதம். படகுக்காரர்கள் இருட்டில் மணல்திட்டில் இறக்கிவிட்டு "இதுதான் இந்தியா" என்று சொல்லிப் போய்விடுவார்கள். விடிந்தால்தான் சுற்றிலும் தண்ணீர் என்று தெரியும். இது பழங்கதை அல்ல. 2022 மார்ச்சில் இலங்கைப் பொருளாதார நெருக்கடிக்குத் தப்பி வந்த ஒரு குடும்பத்தைக் குழந்தைகளோடு திட்டிலிருந்து மீட்டார்கள்.

கடலைக் கண்டு அஞ்சாத தலித்துகளே இல்லையா என்று மாணவத் தோழர்கள் கேட்கக்கூடும். இருக்கிறார்கள், இந்தக் கரையிலேயே இருக்கிறார்கள். கடையர் என்ற சமூகம் பட்டியல் சாதிகளில் ஒன்று. கடலில் சிப்பியும் சங்கும் எடுத்து, அவற்றைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கியவர்கள். யார் வீட்டுச் சுவர் வெளுத்தது, யார் கை வெந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. 2021இல் ஏழு உட்பிரிவுகளைத் தேவேந்திரகுல வேளாளர் என்று ஒரே பெயரில் சேர்த்த சட்டம்கூட இந்தக் கடலோரக் கடையரைத் தனியாகவே விட்டிருக்கிறது. நம் இலக்கியமும் அப்படித்தான் விட்டிருக்கிறது. தலித் எழுத்தில் வயல் உண்டு, சேரி உண்டு, சுடுகாடு உண்டு. கடல் எவ்வளவு உண்டு என்று எண்ணிப் பாருங்கள்.

கடற்பாசி எடுக்கும் பெண்களிடம் கேட்டோம், பயமில்லையா என்று. விரல்களில் துணிப் பட்டையைச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்தும் கட்டக்கோரையும் பறித்து மேலே வருகிறவர்கள். "பயமில்லாம எப்படிங்க? பயந்தாத்தான் திரும்பி வரமுடியும்" என்றார் ஓர் அக்கா. அவருக்குக் கடலைவிட அதிகாரிகளைக் கண்டால்தான் கூடுதல் பயம். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவான பிறகு, பாட்டி காலத்திலிருந்து போய்வந்த தீவுக்குத் திருட்டுத்தனமாகப் போகவேண்டியிருக்கிறது. பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், கொந்தளிக்கும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் இங்கே சொல்வார்கள். பெயர் வைத்தவர்கள் ஆண்கள்தான். அந்த ஆண்கடலில் முங்கி எழுகிறவர்கள் இந்தப் பெண்கள்.

அந்த அக்காவின் பயமும் நம் தோழரின் பயமும் வேறு வேறு. தண்ணீருக்குள் போய், அதைப் பழகி, எங்கே நிற்கவேண்டும் என்று தெரிந்துகொண்ட பிறகு வருவது ஒன்று. தண்ணீரையே தொடவிடாமல் வெளியே நிறுத்தப்பட்டவருக்கு வருவது மற்றொன்று. இரண்டாவது பயத்தைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் அதை மாற்றவும் முடியும்.

கடைசியாக ஒரு அறிவிப்பு. தோழருடைய ஊரில் ஊருணிக்குக் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். தூர்வார ஆன செலவு அரசுப் பணம். வேலியின் கதவுக்குச் சாவி மட்டும் ஒரு தெருவில் இருக்கிறது. வருகிற கோடை விடுமுறையில் நம் காலனிப் பிள்ளைகளுக்கு அந்த ஊருணியில் நீச்சல் சொல்லிக்கொடுப்பது என்று நம் அரங்கம் முடிவு செய்திருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தாகிவிட்டது. சொல்லிக்கொடுக்க அந்தப் பாசி எடுக்கும் பெண்களில் இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாற்று உடுப்பும் கயிறும் எடுத்துக்கொண்டு வாருங்கள். நீச்சல் தெரியாத பெரியவர்களும் வரலாம்; எங்களில் பலருக்கும் தெரியாது.