ஆபத்துக்கு உதவும் அடுக்குப்பானை

(கிராமத் தம்பதியர் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் நிகழ்த்திய சொற்பொழிவு)



"சுகாதாரத் துறைக்காரங்க வந்தா ஆபரேஷனைப் பத்தித்தான் பேசுவாங்க" என்று நினைக்கிற வழக்கம் நம் ஊர்ப்பக்கம் உண்டு. இன்றைக்கு நான் பேச வந்திருப்பது உங்கள் அடுக்களையைப் பற்றி. குடும்பம் அளவாக இருந்தால் மட்டும் போதாது. ஆபத்துக் காலத்திலும் அந்தக் குடும்பம் பட்டினி கிடக்காமல் இருக்க வேண்டும். அதுவும் குடும்ப நலம்தான். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து கேளுங்கள். இது ஒருத்தர் மட்டும் செய்து முடிக்கிற காரியம் இல்லை.

நம் கடற்கரை மாவட்டங்களுக்குப் புயல் புதிதல்ல. 1952-லும் 1977-லும் நாகப்பட்டினம் பக்கம் அடித்த புயல்களைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2018 நவம்பர் 16-ந் தேதி விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய கஜா புயலை நீங்களே பார்த்தீர்கள். தென்னை மரங்கள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கு மேல் விழுந்தன. எத்தனையோ கிராமங்களில் பல நாள் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் ஓடாது. மாவு மில் ஓடாது. வீட்டில் கிரைண்டரும் ஓடாது.

புயல் மட்டும்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். 2020 மார்ச் மாதக் கடைசியில் கொரோனாவுக்காக ஊரடங்கு போட்டார்கள். கடையில் அரிசி இருந்தது. வாங்கக் கையில் கூலி இல்லை. மழை விடாமல் பிடித்து நடவு வேலை நின்றால் அதுவும் ஆபத்துதான். சம்பாதிக்கிறவர் கால் முறிந்து ஒரு மாதம் படுத்துவிட்டால், அந்த வீட்டுக்கு அதுவே புயல். அப்போது கடனுக்கு அரிசி வாங்கி, வட்டி கட்டி, கடைசியில் தோடும் மூக்குத்தியும் அடகுக்குப் போகின்றன. அதைத் தடுப்பது ஒரு பானை தானியம்.

"அன்னாடம் உலை வைக்கிறதே பெரும்பாடு. இதுல சேமிப்பு வேறயா?" என்று ஒரு தாயார் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்விதான். ஒரே நாளில் மூட்டை மூட்டையாக வாங்கச் சொல்ல நான் வரவில்லை. சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பார்களே, அதுதான் வழி.

எவ்வளவு வேண்டும்?

ஒரு கணக்குப் போடுவோம். கணவன், மனைவி, ஒரு மாமியார், இரண்டு குழந்தைகள் என்று ஐந்து பேர் உள்ள வீடு. பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 400 கிராம் அரிசி, வயதான அம்மாவுக்கு 300, குழந்தைக்கு 200 என்று வைத்தால், ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோ ஆகிறது. பதினைந்து நாளைக்கு 22½ கிலோ. இதோடு,

பருப்பு, பயறு: 4 கிலோ
சமையல் எண்ணெய்: 1½ லிட்டர்
வெல்லம் அல்லது கருப்பட்டி: 2 கிலோ
அயோடின் உப்பு: 1 கிலோ
புளி, மிளகாய் வற்றல், மஞ்சள்தூள்: அரை மாதத்துக்கு வேண்டியது
அவல், பொரி, பொட்டுக்கடலை: அடுப்பு மூட்ட முடியாத மூன்று நாளைக்கு

முதலில் மூன்று நாளைக்குச் சேருங்கள். பிறகு பதினைந்து நாள். அது நிறைந்த பிறகு ஒரு மாதம். நெல் விளைகிற வீடாக இருந்தால் அடுத்த அறுவடை வரைக்கும் வைக்கலாம். ஆனால் விதைநெல்லை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது வேறு, இது வேறு.

காசு எங்கே இருந்து வரும்?

நம் பாட்டிமார் "பிடி அரிசி" என்று ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். உலையில் போட அரிசி அளக்கும்போது, அதில் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். ஒரு பிடி ஏறக்குறைய 50 கிராம். நாளைக்கு ஒரு பிடி என்றால் மாதம் ஒன்றரைக் கிலோ. சித்திரையில் ஆரம்பித்தால் புரட்டாசி முடிய ஆறு மாதத்தில் 9 கிலோ. ரேஷனில் வாங்குகிற அரிசியில் மாதம் 2 கிலோ ஒதுக்கினால் ஆறு மாதத்தில் 12 கிலோ. இரண்டும் சேர்ந்து 21 கிலோ. மீதி ஒன்றரைக் கிலோவுக்குக் கேழ்வரகு வாங்கினால் தீர்ந்தது. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் உங்கள் பானை நிறைந்துவிடும். ரேஷனில் மலிவாகக் கிடைக்கும் துவரம்பருப்பையும் பாமாயிலையும் மாதாமாதம் தவறாமல் வாங்குங்கள். ரேஷன் அரிசியைக் கோழித் தீவனத்துக்கென்று சொற்ப விலைக்கு விற்றுவிடுகிறவர்கள் உண்டு. அதை முதலில் நிறுத்துங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை ஆண்கள் நன்றாகக் கேட்க வேண்டும். பல வீடுகளில் பெண்கள்தான் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள். சட்டியில் மிஞ்சியதுதான் அவர்களுக்குச் சாப்பாடு. அப்படிப்பட்ட வீட்டில் பிடி அரிசி எடுத்தால், அது யார் வயிற்றிலிருந்து எடுத்ததாக இருக்கும்? அந்த அம்மாவின் வயிற்றிலிருந்துதான். ரத்தசோகை பிடித்த தாய், எடை குறைந்த குழந்தை, இவற்றை நான் முப்பது வருஷமாகப் பார்த்து வருகிறேன். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே சாப்பாடு வேண்டும். ஆகவே பிடி அரிசி எடுக்கிற வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். குறைப்பதாக இருந்தால் பீடிக்கட்டிலும், டீக்கடைக் கணக்கிலும், சாராயக் காசிலும் குறையுங்கள். "ஏங்க, இந்த வாரம் ஒரு கட்டு குறைச்சா அரைக் கிலோ பயறு வந்துடும்" என்று மனைவி சொன்னால் கோபப்படாமல் கேளுங்கள்.

எதைச் சேர்ப்பது?

வீட்டில் வழக்கமாகச் சாப்பிடுவதையே சேருங்கள். புழுங்கலரிசியில் பச்சரிசியைவிட பி-1 வைட்டமின் அதிகம் தங்கியிருக்கிறது. நெல்லாகவே வைத்தால் இன்னும் நீண்ட நாள் தாங்கும். ஆனால் மின்சாரம் இல்லாவிட்டால் மில் ஓடாது. ஆகவே பதினைந்து நாள் அரிசியாவது தயாராக இருக்க வேண்டும்.

கேழ்வரகை மறக்காதீர்கள். அதில் பூச்சி அவ்வளவு எளிதாக விழாது. வருஷக்கணக்கில் கெடாமல் இருக்கும். அரிசியைவிடப் பல மடங்கு சுண்ணாம்புச் சத்தும் இருக்கிறது. ஆனால் முழுத் தானியமாக வையுங்கள். மாவாக அரைத்து வைத்தால் சீக்கிரம் கெடும். கம்பு மாவு சில நாளிலேயே கசந்துவிடும்.

காய்க்கு என்ன செய்வது? வெயில் காலத்தில் சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரங்காய் வற்றல் போடுங்கள். முருங்கைக்கீரையை நிழலில் உலர்த்திப் பொடித்து வைத்தால் கஞ்சியிலும் குழம்பிலும் ஒரு கரண்டி போடலாம். கண்ணுக்கு வேண்டிய சத்து அதில் இருக்கிறது. கடற்கரை ஊர்களில் கருவாடு நல்ல புரதம்.

எப்படிக் காப்பது?

தானியத்தின் முதல் எதிரி ஈரம். நல்ல வெயிலில் மெல்லியதாகப் பரப்பி இரண்டு மூன்று நாள் காய வையுங்கள். ஒரு மணியைப் பல்லால் கடித்துப் பாருங்கள். "கடக்" என்று உடைந்தால் காய்ந்திருக்கிறது. நசுங்கினால் இன்னும் வெயில் வேண்டும். சூடு ஆறிய பிறகே பானையில் கொட்ட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து பூஞ்சாணம் பிடிக்கும்.

பானை, தகர டின், மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம், எதுவாக இருந்தாலும் சரி. நன்றாகக் கழுவிக் காய வைத்து, காய்ந்த வேப்பிலையோ நொச்சி இலையோ அடியிலும் நடுவிலும் மேலேயும் போடுங்கள். முழுப் பயறில்தான் வண்டு முட்டையிடும். உடைத்த பருப்பில் அவ்வளவாக விழாது. அதனால்தான் நம் முன்னோர்கள் துவரையைச் செம்மண் கட்டிக் காய வைத்து உடைத்து வைத்தார்கள். முழுப் பயறாக வைப்பதானால், அதன் மேல் மூன்று விரல் கனத்துக்குச் சுத்தமான காய்ந்த மணலைப் பரப்பி மூடுங்கள்.

தரையில் வைக்காதீர்கள். பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் வையுங்கள். வெள்ளம் ஏறுகிற ஊரானால் பரணில் வையுங்கள். எலி நுழையாமல் பாருங்கள். எலி தின்பது ஒரு பங்கு என்றால், அதன் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் இன்னொரு பங்கு.

பானை நிறைந்தது என்று மூடி மறந்துவிடாதீர்கள். பழையதை எடுத்துச் சமையுங்கள். அதே அளவு புதியதைப் போடுங்கள். போட்ட மாதத்தைப் பானை மேல் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி வையுங்கள். மாதம் ஒரு தடவை திறந்து பார்த்து, தேவைப்பட்டால் வெயில் காட்டுங்கள்.

செய்யவே கூடாதவை

முதலாவது, நெல் மூட்டைக்குப் போடுகிற பூச்சி மாத்திரையை வீட்டில் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் பாஸ்பீன் என்ற வாயு உயிரைக் குடிக்கும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. அந்த மாத்திரை போட்ட அறையில் படுத்துறங்கிய குழந்தைகள் மறுநாள் எழுந்திருக்காமல் போவது உண்டு. இரண்டாவது, போரிக் பவுடரைச் சாப்பாட்டு அரிசியில் கலக்காதீர்கள். மூன்றாவது, உரமோ பூச்சிமருந்தோ இருந்த டின்னில், எத்தனை தடவை கழுவினாலும், தானியம் போடாதீர்கள். நான்காவது, பூஞ்சாணம் பிடித்த நிலக்கடலையை "வறுத்தா சரியாயிடும்" என்று தின்னாதீர்கள். அந்த விஷம் வறுத்தாலும் போகாது, ஈரலைக் கெடுக்கும். வெள்ளத்தில் நனைந்த அரிசியும் பருப்பும் அப்படித்தான். மனசு கேட்காது, ஆனாலும் கொட்டிவிடுங்கள்.

தண்ணீரும் மருந்தும்

சோற்றுக்கு முந்தியது தண்ணீர். குடிக்க மட்டும் ஆளுக்கு 3 லிட்டர். ஐந்து பேருக்கு நாளைக்கு ஒரு குடம். சமையலுக்கு இன்னொரு குடம். புயல் எச்சரிக்கை வந்ததும் மூன்று நாளைக்கு ஆறு குடம் பிடித்து மூடி வையுங்கள். மூடாவிட்டால் டெங்கு கொசு முட்டையிடும். வெள்ளம் வடிந்த பிறகு, தண்ணீரைக் குமிழி விட்டுக் கொதிக்க வைத்து ஆறவைத்தே குடிக்க வேண்டும். காய்ந்த விறகும் வறட்டியும் பரணில் இருக்கட்டும். தீப்பெட்டியை பிளாஸ்டிக் உறையில் சுற்றி வையுங்கள்.

அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சிறு டப்பாவும் வேண்டும். அதில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலு. பொட்டலம் தீர்ந்தால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்துக் கொடுங்கள். உப்பு அதற்கு மேல் போகக்கூடாது. கர்ப்பிணிக்கு ஒரு மாத இரும்புச்சத்து மாத்திரை, சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு மாத்திரை, இவையும் அந்த டப்பாவில் இருக்கட்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு அட்டை கூடுதலாகவும், நிரோத் உபயோகிக்கிறவர்கள் அதையும் வாங்கி வையுங்கள். ரோடு அடைபட்ட பத்து நாளில் அது தீர்ந்துவிட்டால், வேண்டாத நேரத்தில் கர்ப்பம் தங்கும். நம் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் கொடுப்பார்.

கைக்குழந்தைக்கு என்ன சேமிப்பது என்று கேட்பீர்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். அது வெள்ளத்தில் நனையாது, பூச்சி விழாது. பால்பவுடரும் புட்டியும் அசுத்தத் தண்ணீரோடு சேர்ந்தால் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். ஆகவே சேமிப்பு தாயின் சாப்பாட்டில் இருக்கிறது. பிரசவ நாள் நெருங்கியவர்கள் புயல் வருமுன்பே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும். அவசரத்துக்கு 108. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இரண்டையும் கதவில் எழுதி வையுங்கள்.

தாய்மார்களே, சகோதரர்களே, பானை நிறைந்த வீட்டில் பயம் குறையும். பக்கத்து வீட்டில் உலை கொதிக்காவிட்டால் ஒரு படி அரிசி கொடுக்கவும் கை வரும். எல்லா வீட்டிலும் ஒரு பானை இருந்தால், நிவாரண வண்டி வரும்வரை ஊரே தாங்கும்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு பானையைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். நாளைக்கு வெயிலில் காயட்டும். நாளை மறுநாள் அரிசி களையுமுன்னே முதல் பிடியைப் போடுங்கள். அந்த முதல் பிடியைக் கணவனே போடட்டும்.